தகப்பன் பெயர் எழுதும் இடம்

அத்தியாயம் 11

போன கிழமை மாக்கிரட்டைப் பெரியப்பாவின் கர்க்லாண்ட் வீட்டுச் சமையலறை வாசலில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். கையில் அதே மஞ்சள் உறை. உள்ளே கல்லூரி அனுப்பிய கடிதமும், அரசாங்கப் படிப்புக் கடனுக்கான விண்ணப்பமும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான்.

ஒரேயொரு கடதாசிதான் குறை. தகப்பனுடைய வருமான வரிக் கடதாசி.

தகப்பன் என்றால் யார்? இந்த வீட்டின் தலையிடி முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள்தான் கிடக்கிறது. மாக்கிரட்டைப் பெற்றவர் மரியதாசன். மன்னார்ப் பேசாலையில் மீன்பிடிக்கக் கரைவலை வைத்திருந்த மனிதர், இப்போது இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் அரிசிக்கு வரிசையில் நிற்கிறார். ஆனால் கனடா அரசாங்கத்தைக் கேட்டால் அவளுடைய தகப்பன் பற்றிக் என்று சொல்லும். பற்றிக் அவளுடைய பெரியப்பா, மரியதாசனின் சொந்தத் தமையன். எண்பத்துநாலில் அவளைக் கூப்பிடும்போது, மகள் என்று போட்டால் கெதியாக அலுவல் முடியும் என்று அவர்தான் வழி சொன்னார். பிறப்புப் பத்திரம் எரிந்துபோய்விட்டதாக, மரியதாசனுக்குச் சொல்லாமலே, மன்னாரில் ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எழுதுவித்தார்கள். "பெரியப்பா எண்டா ஆர்? மூத்த அப்பா. இதில என்ன பொய் கிடக்கு?" என்று ரெலிபோனில் சிரித்தாராம். அவளுக்கு அப்போது இருபது வயது. உயிர் தப்பினால் போதுமென்று தலையாட்டினாள்.

இப்போது வயது இருபத்துமூன்று. நகரத்துக்குள்ளே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறாள். மூச்சுவிட முடியாத நோயாளிகளுக்குக் குழாய் வைத்து, இயந்திரத்தை முடுக்கி, உயிரைப் பிடித்து நிறுத்துகிறவர்களை அங்கேதான் பார்த்தாள். அவர்கள் டொக்டர்களும் இல்லை, நர்சுகளும் இல்லை. மூன்று வருஷம் கல்லூரியில் படித்தவர்கள். அந்தப் படிப்புக்குத்தான் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரிக்குக் கட்டுகிற கட்டணம் பெரிதாக இல்லை. மூன்று வருஷம் சாப்பிட, உடுக்க, புத்தகம் வாங்கத்தான் அந்தக் கடன்.

"வா பிள்ளை, இரு. படிச்ச பிள்ளை நீ, கணக்கு விளங்கும்," என்றார் பற்றிக்.

அவருக்குத் துறைமுகத்தில் வந்திறங்கும் கொள்கலன்களை எண்ணிப் பதிகிற வேலை. இன்றைக்குப் பின்னேர முறை. கோயில் கலண்டரின் மே மாதத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மாக்கிரட் நின்றபடியே பார்த்தாள்.

"இப்ப நீ துடைக்கிற வேலையில கையில எடுக்கிறது வருஷத்துக்கு எண்ணாயிரத்தைந்நூறு டொலர். மூண்டு வருஷம் படிக்கப் போனா? இருபத்தையாயிரத்தைந்நூறு போச்சு." எழுதினார். "கவுண்மேந்துக் கடன் வருஷத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு. மூண்டு வருஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு. ரெண்டையும் கூட்டு. முப்பத்திரண்டாயிரத்து எழுநூறு. வட்டியை விடு. நான் நியாயமான ஆள், வட்டி போடேல்லை."

"படிச்சு முடிஞ்சா வருஷத்துக்குப் பதினேழாயிரம் வரும் பெரியப்பா."

"பொறு, அதுக்குத்தான் வாறன். பதினேழுக்கும் எட்டரைக்கும் வித்தியாசம் எட்டரை. போன காசைப் பிடிக்க நாலு வருஷம். படிக்க மூண்டு. ஏழு. இருபத்திமூண்டும் ஏழும்?" பேனையால் தாளைக் குத்தினார். "முப்பது வயசில நீ முதற்சதம் காணுவாய். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி ஒரு வேலைக்கு மூண்டு வருஷப் படிப்பு. முப்பது வயசுப் பெட்டையை, கடனோட, ஆர் கட்டுவான்?"

அடுப்படியில் சம்பல் இடித்துக்கொண்டிருந்த பெரியம்மா அல்போன்சம்மா, 'கேட்டுக்கொள்' என்பதுபோல உலக்கையை இன்னும் இரண்டு தரம் பலமாகப் போட்டாள்.

மாக்கிரட் மேசைக்குக் கிட்டப் போனாள். பேனையை அவர் கையிலிருந்து எடுத்தாள். அந்த வீட்டில் அப்படி ஒருவரும் எடுத்ததில்லை.

"அந்த இருபத்தையாயிரத்தைந்நூறு ஆரின்ர நட்டம் பெரியப்பா?"

"ஆரின்ர எண்டால்?"

"ரெண்டு கிழமைக்கொருக்கா நான் முந்நூற்றிமுப்பது டொலர்ச் சம்பள உறையை உங்கட கையில தாறன். நீங்கள் நாப்பது திருப்பித் தாறியள். வருஷத்துக்கு எனக்கு வாறது ஆயிரத்து நாப்பது. மூண்டு வருஷம் படிச்சா எனக்கு நட்டம் மூவாயிரத்து நூற்றியிருபது." அவள் எழுதினாள். "அதோட கடன் ஏழாயிரத்து இருநூறு. மொத்தம் பத்தாயிரத்து முந்நூற்றியிருபது. பதினேழாயிரம் முழுக்க என்ர கையில வந்தா ஒரு வருஷத்தில கட்டி முடிச்சிடுவன். மிச்சம் நட்டமெல்லாம் உங்கட நட்டம்."

உலக்கை நின்றது.

"ஓ! அப்ப சோறு? கட்டில்? ஆர் தந்தது?" பற்றிக்கின் கழுத்து நரம்பு புடைத்தது. "எண்பத்துநாலில உனக்கு ரிக்கற் போட்ட ஆயிரத்துத் தொளாயிரம் ஆர் தந்தது? கொப்பரோ தந்தவர்?"

"அதையும் எழுதுங்கோ. சோத்தையும் எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதி, எப்ப முடியுமெண்டு ஒரு திகதி போடுங்கோ. கவுண்மேந்தாவது திகதி போட்டுத் தருது."

"சொந்தத்துக்குள்ள கணக்குப் பாக்கிறியோ நீ? வெக்கமில்லை?"

அரை மணித்தியாலமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் சொன்ன பேச்சு இது. என்ன மனிதரோ! தாளைக் கசக்கி எறிந்துவிட்டு எழும்பினார். "வரிக் கடதாசி தரமாட்டன். ஒரு கந்தோர் கேட்டா நாளைக்கு மற்றக் கந்தோரும் கேக்கும். அந்த விண்ணப்பப் போமைக் கிழிச்சு எறி." கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோட்-டெ-நெய்ஜில் இரண்டு அப்பார்ட்மென்டைத் தன் பெயரில் எடுத்து, நேற்று வந்த பெடியள் ஒன்பது பேருக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்தக் காசு எந்தக் கடதாசியிலும் இல்லை. இப்போது போனது அதை வாங்கத்தான்.

மாக்கிரட் உறையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, தன்மேலேயே. மூன்று வருஷம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறாளே!

"எடி, இஞ்ச வா."

அல்போன்சம்மா கையைத் துடைத்துக்கொண்டு மேசையடிக் கதிரையில் வந்து இருந்தாள். தையல் ஆலையில் வேலை குறைந்து, இரண்டு கிழமையாக வீட்டில்தான் இருக்கிறாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் மாக்கிரட்டுடன் சிரித்துக் கதைத்ததை எண்ண ஒரு கை விரல் போதும்.

"அந்தப் போமை வாசி."

"உங்களுக்கு ஏன் பெரியம்மா?"

"ஏனோ? நாளைக்கு நீ கட்டாமல் விட்டா வீட்டு வாசலுக்கெல்லோ வருவாங்கள்! இந்த வீட்டில என்ர பதினொரு வருஷத் தையல் காசு கிடக்கு. உன்ர பெரியப்பன் சொல்லுறதை நான் நம்பமாட்டன், நீ சொல்லுறதையும் நம்பமாட்டன். ஒரு வரி விடாமல் வாசி."

அல்போன்சம்மாவுக்கு இங்கிலீசும் வாசிக்கத் தெரியாது, பிரெஞ்சும் வாசிக்கத் தெரியாது. மாக்கிரட் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். பெயர். பிறந்த திகதி. கனடாவுக்கு வந்த திகதி. குடிவரவுப் பத்திரத்தில் இருப்பதைப் பார்த்துக் கல்லூரியே இந்தப் பகுதியைத் தட்டச்சுச் செய்து அனுப்பியிருந்தது.

"தகப்பன் பேர், பற்றிக்."

"ம். தெரிஞ்சதுதானே. அடுத்தது?"

"தாயின்ர பேர்..."

அல்போன்சம்மா சீலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்தாள். முகத்தில் என்னவோ ஒரு மாற்றம். "என்ர பேரை முழுசா எழுதியிருக்கோ? அல்போன்சம்மா எண்டோ, அல்போன்ஸ் எண்டு விட்டிட்டாங்களோ?"

இந்த மனுசி மூன்று வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! தனக்கொரு பிள்ளை பிறக்கவில்லை, கடதாசியிலாவது ஒன்று இருக்கிறதென்று. அதை வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளை மாதிரி நடத்தியதும் இல்லை. ஆனால் நினைத்திருக்கிறாள்.

"உங்கட பேர் இல்லை பெரியம்மா."

"அப்ப?"

"அம்மாவின்ர பேர். திரேசம்மா."

சத்தியக் கடதாசி எழுதியபோது தகப்பன் பெயரை மட்டும் மாற்றச் சொல்லியிருந்தார் பற்றிக். தாயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்தபடி நீதவான் தாய் பெயரை எழுதிவிட்டார். தாய் பெயர் உண்மைதானே என்று மாக்கிரட்டும் அதைப் பெரிதாக யோசித்ததில்லை. இரண்டு பெயரையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது இந்த நிமிஷத்தில்தான்.

"நீ பிறந்தது அறுபத்துநாலெல்லோ?" அல்போன்சம்மாவின் குரல் மெல்லியதாக வந்தது.

"ஓம், அறுபத்துநாலு."

"நாங்கள் கலியாணம் கட்டினது அறுபத்திரண்டு." அவள் விரலை மடக்கினாள். "தகப்பன் என்ர புருஷன். தாய் உன்ர கொம்மா. இதை வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? என்னைக் கட்டி ரெண்டாம் வருஷம், அந்தாள் தன்ர தம்பி பெண்சாதியோட..." முடிக்கவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "இதையோ கனடா முழுக்க எழுதி வச்சிருக்கிறியள்? இதையோ?"

"பெரியம்மா, ஒருத்தரும் அப்பிடி வாசிக்க..."

"ஒருத்தரும் வாசிக்காட்டி ஏன் எழுதிறவங்கள்? வேலையிடத்தில பற்றிக்கின்ர குடும்பக் கடதாசி இருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கு. போன கிறிஸ்மசுக்கு அந்தாளின்ர போர்மன் வந்து என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போனவன். நான் வெள்ளைக்காரன்ர பார்வை அப்பிடியாக்கும் எண்டு இருந்தன். மாதாவே! எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது!"

"செத்துப்போன என்ர அம்மாவுக்கும்தானே இந்த அவமானம்," என்றாள் மாக்கிரட். அவளுக்கும் இப்போது முகம் கொதித்தது.

"கொம்மா செத்திட்டா. நான் இருக்கிறன்!"

ஒரு மணிக்குப் பற்றிக் திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்ற விடவில்லை அல்போன்சம்மா. விண்ணப்பத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இண்டைக்கு இதை மாத்துங்கோ. இப்ப, இந்த நிமிஷம்."

அவர் வாசித்தார். அவருக்கும் இது புதிது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பிழை என்று ஒத்துக்கொள்கிற பழக்கம் அந்த முகத்துக்கு இல்லை.

"கடதாசியில தானே கிடக்கு. கடதாசி கதைக்குமே? மாத்தினா என்ன நடக்கும் தெரியுமோ? பொய் சொல்லிக் கூப்பிட்டதுக்கு என்னைப் பிடிப்பாங்கள். இவளைத் திருப்பி அனுப்புவாங்கள். மன்னாருக்கு அனுப்பட்டோ?"

"என்ர பேரைப் போட்டிருக்கலாமே, நாசமாப் போனவங்களே! தாய் எண்டு என்ர பேரைப் போட உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"உனக்கெண்டு ஒண்டு பிறந்திருந்தா உன்ர பேரைப் போட்டிருப்பன்."

சொன்ன பிறகு அவருக்கே அது கூடிப்போயிற்று என்று தெரிந்திருக்க வேண்டும். வாயைத் துடைத்தார். அல்போன்சம்மா விண்ணப்பத்தை மேசையில் மெதுவாக வைத்தாள். அவள் கத்தியிருந்தால் மாக்கிரட்டுக்கு இவ்வளவு பயம் வந்திராது.

பற்றிக் விறுவிறென்று அறைக்குள் போனார். இடுப்பில் எப்போதும் கிடக்கும் திறப்பால் இரும்பு அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து ஒரு கடதாசியை மாக்கிரட்டிடம் நீட்டினார். அவருடைய வருமான வரிக் கடதாசி!

"இந்தா. கொண்டுபோய்க் குடு. படி. என்ர சம்பளத்தைப் பாத்தா அவங்கள் கடன் தரமாட்டாங்கள், அது எனக்குத் தெரியும். பரவாயில்லை. வருஷத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு நான் தாறன். முடிச்சுப்போட்டு எனக்கு உழைச்சுத் தா."

இரண்டு மாதமாக அவள் கெஞ்சிக் கேட்ட கடதாசி கையில் இருந்தது.

"அதுக்கு நான் என்ன செய்ய வேணும்?"

"ஒண்டும் செய்யாதை. அதுதான் வேணும். தகப்பன் பேர் கிடக்கிறபடி கிடக்கட்டும். இண்டைக்கும், பேந்தும்."

பேந்தும். பிறகும் என்கிற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. மூன்று அத்தியாயத்துக்கு முன் இலவசச் சட்ட உதவி வக்கீல் அவளுக்குச் சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். தகப்பனைக் கனடாவுக்குக் கூப்பிடலாம். சித்தப்பாவைக் கூப்பிட முடியாது. இந்தக் கடதாசிகளின்படி மண்டபம் முகாமில் இருக்கும் மரியதாசன் அவளுக்குச் சித்தப்பா. "நீயாகப் போய் உண்மையைச் சொன்னால் பிடிபடுவதைவிட நல்லது. இப்போதைக்கு இலங்கைக்கு ஆளைத் திருப்பி அனுப்புவதில்லை. நாளைக்கு என்னவென்று என்னால் சொல்ல முடியாது," என்றும் அந்த வக்கீல் சொல்லியிருந்தார்.

இந்தப் பக்கம் படிப்பு நிச்சயம். கட்டில் நிச்சயம். அப்பா ஒருநாளும் வரமாட்டார். பெரியப்பாவின் கடன் ஒருநாளும் முடியாது. அந்தப் பக்கம் உண்மையைச் சொன்னால் அப்பாவைக் கூப்பிடலாம், ஆனால் கடன் கிடைக்குமோ தெரியாது, நாட்டில் இருக்கிறதே நிச்சயமில்லை. பெரியப்பா காலையில் போட்ட கணக்கில் இது ஒன்றும் வரவில்லை. தானும் இதை எழுதவில்லை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

கடைசிக் கடிதத்தில் அப்பா எழுதியிருந்தார்: 'அண்ணை உன்னை மகளாகப் பார்ப்பார், குறை சொல்லாதே.' அந்த மனிதருக்கு இன்றுவரைக்கும் தன் பெயர் எங்கேயும் இல்லை என்று தெரியாது.

அவள் வரிக் கடதாசியை மேசையில் வைத்தாள்.

"எனக்கு இது வேண்டாம் பெரியப்பா."

"விசர்ப் பெட்டை! ஊருக்கு அனுப்புவாங்களடி!"

"அனுப்பினா அனுப்பட்டும். உங்களுக்குக் கடன்பட மாட்டன். என்ர அப்பாவைச் சித்தப்பா எண்டு இனி ஒரு நாளும் கையெழுத்து வைக்கமாட்டன்."

"ஆர் சாட்சி சொல்லுவான் உனக்கு? நீ சொன்னா வெள்ளைக்காரன் நம்புவானோ?"

அறைக்குள்ளிருந்து அல்போன்சம்மா வந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற சீலை. கைப்பை. கையில் செபமாலை. புருஷனைப் பார்க்கவே இல்லை.

"நான் சொல்லுவன்," என்றாள்.

இரண்டு பஸ், பிறகு மெற்றோ. வழி முழுக்க அல்போன்சம்மா செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். மாக்கிரட் ஒருமுறை, "பெரியம்மா, உங்களுக்கு நன்றி..." என்று தொடங்கினாள்.

"உனக்காக வரேல்லை. வாயை மூடிக்கொண்டு இரு."

கல்லூரியில் கடன் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றபோது மூன்றேகால். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி விண்ணப்பத்தை வாங்கினாள். தகப்பனுடைய வருமானக் கடதாசி எங்கே என்று இங்கிலீசில் கேட்டாள்.

"இதில் எழுதியிருப்பவர் என் தகப்பன் இல்லை," என்றாள் மாக்கிரட். மூன்று வருஷம் அடைத்து வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்தது. "என் தகப்பனுடைய அண்ணன். பிழையாக எழுதித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். என் தகப்பன் இந்தியாவில் அகதி முகாமில் இருக்கிறார். அவருக்கு வருமானம் இல்லை."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளே போய் இன்னொருவரிடம் கதைத்துவிட்டு, வேறொரு படிவத்துடன் வந்தாள். குடும்பத்தில் விபரம் தெரிந்த ஒருவர் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றாள். இந்த அம்மா யார்?

"அந்த மனிதருடைய மனைவி."

"இந்தப் பெண் உங்கள் கணவரின் மகள் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுச் சொல்."

மாக்கிரட் தமிழில் சொன்னாள். அல்போன்சம்மா நிமிர்ந்து நின்றாள்.

"இவளைப் பெத்தது திரேசம்மா. பிள்ளைப்பெறு நேரம் பக்கத்தில நிண்டது நான். முதல்ல கையில வாங்கினதும் நான்தான். அந்தாள் அப்ப ஒரு வருஷத்துக்கு மேலாக் கப்பல் வேலையில எண்டு சொல்லு. அந்தக் கப்பல் கடதாசியும் என்னட்டைக் கிடக்கு, வேணுமெண்டாக் காட்டுறன் எண்டு சொல்லு. திரேசம்மா நல்லவள் எண்டும் சொல்லு."

மாக்கிரட்டுக்கு இது ஒன்றும் தெரியாது. தன்னை முதலில் கையில் வாங்கியது இந்தக் கைதானா? மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை சொன்னாளா? கண் கலங்கியது, ஆனாலும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். 'திரேசம்மா நல்லவள்' என்பதையும் சொன்னாள். அந்தப் பெண் அதை எழுதவில்லை.

அல்போன்சம்மா வலது கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினாள். கையெழுத்துப் போடத் தெரியும், தமிழில் போட்டாள்.

"இதன் பிரதி ஒன்று குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகும்," என்றாள் கவுண்டர்ப் பெண். "அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் நீ விரும்பினால் இதைக் கிழித்துவிடலாம்."

சுவர் மணிக்கூட்டில் மூன்றே முக்கால். மாக்கிரட் பேனையை எடுத்தாள். தகப்பன் பெயர் என்று போட்டிருந்த இடத்தில் மரியதாசன் என்று இங்கிலீசில் எழுதினாள். மூன்று வருஷமாக எந்தப் படிவத்திலும் எழுதாத பெயர். ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டு வெட்டி, திரும்ப எழுதினாள். கீழே கையெழுத்து வைத்தாள்.

"அப்படியானால் உன் வருமானத்தை மட்டும்தான் பார்ப்போம். கடன் கிடைக்கும் என்று சொல்லவில்லை, விண்ணப்பம் நேரத்துக்கு வந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குடிவரவுப் பத்திரத்தின் மூலப் பிரதியைக் கொண்டு வா. அது இல்லாவிட்டால் இது செல்லாது." திகதி முத்திரையைக் குத்தினாள். "இன்னொரு கேள்வி. இவர்களுடைய வீட்டில்தானே இருக்கிறாய்?"

"என்ன கேக்கிறா?" என்றாள் அல்போன்சம்மா.

"உங்களோடயோ இருக்கிறன் எண்டு கேக்கிறா."

"இண்டையில இருந்து இல்லை எண்டு சொல்லு."

மாக்கிரட் திரும்பிப் பார்த்தாள். பகிடி இல்லை. அந்த முகத்தில் பகிடி எப்போது இருந்தது?

"பெரியம்மா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நேரம் போகுது."

கவுண்டர்ப் பெண் காத்திருந்தாள். தன்னை வீட்டைவிட்டுத் துரத்துகிற வசனத்தைத் தானே இங்கிலீசில் சொல்ல வேண்டும். மாக்கிரட் சொன்னாள். "இன்றிலிருந்து நான் அங்கே இல்லை."

"அப்படியென்றால், விலாசம்?"

அந்தப் பெண் விலாசம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டாள்.

வெளியே பஸ் தரிப்பில் அல்போன்சம்மா கையை நீட்டினாள்.

"திறப்பு."

"ஏன் பெரியம்மா? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"நீ ஒண்டும் செய்யேல்லை. உன்னைப் பாக்கிற நேரமெல்லாம் அந்தாள் இண்டைக்குச் சொன்னது என்ர காதில கேக்கும். என்னால ஏலாது. அந்தாளோட நான் இருந்துதான் ஆகவேணும், உன்னோட இருக்கத் தேவையில்லை." அவள் கண் ஈரமில்லை. "உன்ர உடுப்புப் பெட்டியை வாசலில வைக்கிறன். ஆறு மணிக்குள்ள வந்து எடு. மணி அடிக்காதை."

மாக்கிரட் வளையத்திலிருந்து வீட்டுத் திறப்பைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் திங்கட்கிழமை நினைவு வந்தது.

"பெரியம்மா, என்ர குடிவரவுப் பத்திரம் பெரியப்பாவின்ர அலுமாரிக்குள்ள! அதையும் பெட்டிக்குள்ள..."

"அலுமாரித் திறப்பு அந்தாளின்ர இடுப்பில."

"கேட்டு வாங்கித் தாங்கோ. அது இல்லாட்டி எல்லாம் வீண்."

"அதில தகப்பன் எண்டு ஆரின்ர பேர் கிடக்கு?" பஸ் வந்து நின்றது. அல்போன்சம்மா படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள். "அந்தத் தகப்பனை இல்லையெண்டு இப்பதானே சத்தியம் பண்ணிப்போட்டு வாறம். இனி அந்தாளிட்டை நீ எந்த வாயால போய்க் கேக்கப் போறாய்?"

கதவு மூடிக்கொண்டது.